கரையில் ஒழுகிய ஆறு தோணிகள்

தூத்துக்குடி,
1949 நவம்பர் 21, திங்கட்கிழமை, காலை மணி 9.20

பொருள்: காலஞ்சென்ற திரு. வேலாயுதம் அவர்களும் இராணுவத் தோணிகளும்

நினைவு மலர்க் குழுவினருக்கும், அவரை அறிந்த மற்ற நண்பர்களுக்கும்:

இம்மாதம் 12ஆம் தேதி சனிக்கிழமை நண்பகலில், சாத்தான்குளத்திலிருந்து வந்த கருப்பட்டி வியாபாரி ஒருவர் என் வாசலில் நின்று, "அண்ணாச்சி, நம்ம வேலாயுதம் ஐயா போயிட்டாகளே" என்றார். முந்திய நாள் மாலை, உண்டு முடித்துக் கை கழுவிவந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். சனிக்கிழமை இறந்ததாகப் பத்திரிகையில் வந்தது பிழை. 11ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்று மலரில் திருத்தி அச்சிடக் கோருகிறேன்.

அவர் டில்லியில் படைத்துறை மந்திரிக்குத் துணையாக இருந்து, படைக்கு வேண்டிய பொருள்களின் கொள்முதலை மேற்பார்த்து வந்த காலத்தைப் பற்றி மட்டுமே நான் எழுதத் தகுதியுடையவன். அப்போது நான் இங்கே சவரிமுத்து மேஸ்திரியின் தோணிப் பட்டறைக்குக் கடிதப் போக்குவரத்தைக் கவனித்து வந்தேன். கரையோர முகாம்களுக்குச் சரக்கு இறக்க ஆறு தோணிகள் வேண்டுமென்று உத்தரவு வந்து, 1948 மே மாதம் அவை முடிந்து கரையில் நின்றன. இலாகாவின் அதிகாரி சோதித்து ஏற்றுக்கொள்ளும்வரை அவற்றைக் கடலில் இறக்கக்கூடாது என்பது ஒப்பந்த விதி. இறங்கிய தோணி பழைய தோணி என்பது அவர்கள் கணக்கு.

அதிகாரி மே மாதம் வரவில்லை, ஜூனிலும் வரவில்லை. கச்சான் என்னும் மேல்காற்று அனலாக அடிக்கையில் புதுத் தோணி வறண்டு கிடந்தால் பலகைகள் விலகிவிடும். ஆகவே இக்கரை வழக்கப்படி மேஸ்திரி ஆறு தோணிகளுக்குள்ளும் முழங்கால் மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார். பலகை ஊறிப் பருத்து, இடுக்கு தானே அடைபடும்.

சோதனை அதிகாரி சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது ஆகஸ்டு 5ஆம் தேதி. அன்று மாதா கோயில் திருநாள். பட்டறையில் காவல்காரன்கூட இல்லை. எல்லோரும் சப்பரத்தின் பின்னால் போயிருந்தார்கள். அவர் ஏணி வைத்து ஏறி, ஆறு தோணிகளையும் எட்டிப் பார்த்து, 'ஆறிலும் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒழுகுகின்றன' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு வரி டில்லிக்குப் போய் மேசைக்கு மேசை ஏறியது. நான் ஏழு கடிதங்கள் எழுதினேன். மறு சோதனை தை மாதத்துக்குப் பின் என்று பதில் வந்தது. அதற்குள் வாடைக் காற்று தொடங்கிவிடும்; பிறகு கடல் கொந்தளிப்பில் தோணியை இறக்க முடியாது. தண்ணீரை வடித்தால் பலகை விலகும்; வடிக்காமல் மாதக்கணக்கில் வைத்தால் பாரம் தாங்காமல் அடிமரம் வளையும். கைவசமிருந்த மரம் முழுவதையும் மேஸ்திரி இந்த ஆறு தோணிகளில் போட்டிருந்தார். இவை கழிந்தால் பட்டறையும் கழிந்தது.

எட்டாவது கடிதத்தைத் திரு. வேலாயுதத்தின் பெயருக்கே எழுதினேன். பதில் கடிதம் வரவில்லை. செப்டம்பர் 23, வியாழக்கிழமை காலை, அதே அதிகாரியையும் அழைத்துக்கொண்டு அவரே வந்து இறங்கினார்.

மேஸ்திரி பொரிந்து தள்ளினார். "நான் மாதா சப்பரத்துக்குப் பின்னால நிக்கேன், இவுக அன்னைக்குன்னு பாத்து வாராக! நாய் கெடந்துச்சுல்லா, அதுகிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா!"

"தண்ணீர் இருந்ததைக் கண்ணால் கண்டேன்" என்றார் அதிகாரி.

திரு. வேலாயுதம் மெதுவாகக் கேட்டார்: "தண்ணி உள்ள இருந்துச்சு, சரி. கடல் எங்கன இருந்துச்சு?"

அதிகாரி ஐம்பது கெஜத்துக்கு அப்பால் கையைக் காட்டினார்.

"அம்புட்டுத் தூரம் நடந்து வந்து, ஏணி வச்சு ஏறியா உள்ள எறங்குச்சு?"

கரையே சிரித்தது. அவர் உடனே கையமர்த்தினார். "சிரிக்காதீக. திருநாளன்னைக்குச் சோதனைக்கு நாள் குறிச்சது எங்க ஆபீசு. இவுக சொன்ன நாளைக்கு வந்தாக. தப்பு எங்களோடது." அதன் பிறகுதான் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

ஏற்குமுன் இறக்கக்கூடாது என்ற விதியை நான் நினைவூட்டினேன். "விதி இருக்கட்டும், அண்ணாச்சி. தை வரைக்கும் தோணி இருக்குமா?" என்று கேட்டபடி திரு. வேலாயுதம் மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். மேஸ்திரி இல்லையென்று தலையாட்டினார். திரு. வேலாயுதம் அங்கேயே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, தம்முடைய சொந்தப் பொறுப்பில் தோணிகளை இறக்கிச் சோதிக்க உத்தரவிடுவதாக எழுதி, முழுப் பெயரையும் தேதியையும் இட்டார்.

"மந்திரி கேட்டால்?" என்றார் அதிகாரி, கவலையுடன்.

"கேக்கணும்லா! கேக்கதுக்குத்தான் அவரு மந்திரி. பதில் சொல்லுததுக்குத்தான் நான்."

மறுநாள் வெள்ளிக்கிழமை, தண்ணீரை வடித்து, செபம் சொல்லி, தோணிகளை இறக்கினார்கள். ஒவ்வொன்றிலும் அவரும் அதிகாரியும் ஏறி முயல் தீவுப் பக்கம் சென்று திரும்பினார்கள். ஐந்து தோணிகளில் அடிப்பலகை காய்ந்தே இருந்தது. ஒன்றில் மட்டும் பின்புறம் சிறிது கசிந்தது. மேஸ்திரியின் முகம் கறுத்தது. திரு. வேலாயுதமோ நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே, "நல்லதாப் போச்சு, மேஸ்திரி. ஒண்ணாவது ஒழுகலைன்னா இவுக ஊருல போயி எப்படி முகத்தக் காட்டுவாக?" என்றார். அதிகாரியே முதலில் சிரித்தார். அந்தத் தோணியைச் செப்பனிட மூன்று நாள் ஆயிற்று. வாடைக்கு முன்பே ஆறும் புறப்பட்டுவிட்டன.

டில்லியில் மந்திரி விளக்கம் கேட்டார். 'செய்தது நான், காரணம் வாடைக் காற்று' என்று இவர் பதில் எழுதினார். 1949 ஜனவரியில் கொள்முதல் பொறுப்பு இவரிடமிருந்து எடுக்கப்பட்டது. சாத்தான்குளம் திரும்பித் தம்பியின் கடையில் உட்கார்ந்திருந்தவரை மார்ச் 6ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மந்திரியைப் பற்றி ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. "அவரு எடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். விதியை ஒருத்தன் தாண்டுனா கேள்வி இருக்கணும், அண்ணாச்சி. இல்லைன்னா நாளைக்கு ஆளாளுக்குத் தாண்டுவான்" என்றார். வருத்தமில்லையா என்று கேட்டேன். "பொறுப்பைத்தான புடுங்குனாக? தோணியப் புடுங்கலியே!" என்று சொல்லி, எனக்குப் பதநீர் வரவழைத்தார்.

தாமதத்தைப் பற்றி அவர் மேடையில் முழங்கியதில்லை. 'அதிகாரிகளைத் திட்டுவது தலைமைக்கு அடையாளமன்று' என்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று: என் மேசைக்கு வரும் எதையும் 'மேலிடத்தின் முடிவுக்கு' என்று எழுதித் தள்ளுமுன், இதை நானே முடிக்கலாகாதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். பாதிக்குமேல் முடிக்கக்கூடியவையாகவே இருக்கின்றன.

தங்கள்,
பொ. அருணாசலம்

இணைப்புகள்:

(அ) அவருடைய பிறந்த தேதி, ஊர், பள்ளி ஆகியவை பற்றி அவர் தம்பியிடம் கேட்டுச் சரிபார்த்த குறிப்பு, தாள் 1.

(ஆ) மலர்ச் செலவுக்குச் சவரிமுத்து மேஸ்திரி அனுப்பிய காணிக்கை, உறையில். தம் பெயரை அச்சிடவேண்டாம் என்கிறார்.

(இ) 24-9-1948 அன்று கடற்கரையில் எடுத்த நிழற்படம் 1. இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் அவர். மற்றவர்கள் எல்லோரும் படம் பிடிப்பவரைப் பார்க்கிறார்கள். அவர் திரும்பித் தோணி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முகம் தெரியவில்லை என்று இதைத் திருப்பி அனுப்பவேண்டாம். இதையே முதற்பக்கத்தில் அச்சிடுக.