டேங்க் மூடியில் நான் வைத்த மெழுகு

மாடசாமி அண்ணாச்சி போய்விட்டார். கோவில்பட்டியில் பைக் மெக்கானிக்காக இருந்த மாடசாமி... இன்று காலை.

வாட்ஸ்அப்பில் அஞ்சலி போஸ்டர் வந்ததும் நான் நம்பவில்லை. போஸ்டரில் இருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊரில் ரெண்டு பேருக்குப் போன் போட்டு விசாரித்தேன். சாவுச் செய்தியில்கூட சந்தேகம்... என் புத்தி அப்படி.

அந்தப் புத்தியை வைத்து அவருக்கு நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தொண்ணூறுகளின் கடைசி. நான் அப்போது ஒரு தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசர். கப்பலில் வேலை பார்த்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, மூன்று கை மாறிய ஒரு ஜப்பான் பைக்கை வாங்கினேன்.

ஊரில் அந்த மாதிரி வண்டி அது ஒன்றுதான். அதனால் பார்க்கிறவன் எல்லாம் எனக்குத் திருடனாகத் தெரிந்தான். யாராவது கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தால் சந்தேகம். "மைலேஜ் எவ்வளவு கிடைக்கு?" என்று கேட்டால் அதைவிடச் சந்தேகம்.

கிளட்ச் பிளேட் தேய்ந்துபோய், எங்கள் ஆபீஸுக்கு எதிரிலேயே இருந்த அண்ணாச்சியின் ஷெட்டில் மூன்று நாள் விடவேண்டி வந்தது. பெட்ரோல் டேங்க் மூடியில் பூட்டு ஏற்கனவே உடைந்திருந்தது. பெட்ரோலை உருவிவிட்டால்?

விடுவேனா நான்... தீக்குச்சி முக்குகிற மெழுகை உருக்கி, ஒரு டப்பாவில் எடுத்துப் போனேன். மூடி மேலேயும் சுற்றிலும் ஊற்றி, ஆறுவதற்குள் என் கட்டைவிரலை அழுத்தி ரேகை பதித்து சீல் வைத்தேன்.

அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, திருடுதவன் கீழ டியூப்பைக் கழத்துனா போதுமே. மூடியை எதுக்குத் தொறக்கப் போறான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு தெளிவாகச் சொல்கிறாரே, அனுபவம் இருக்கும் போல என்றுதான் தோன்றியது.

மூன்றாம் நாள் ரேகை அப்படியே இருந்தது. மெழுகைச் சுரண்டிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். எட்டயபுரம் ரோட்டில் ஏழெட்டு கிலோமீட்டர்... நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மிதித்தால் ஸ்டார்ட் ஆனது. மறுபடி ஏழெட்டு கிலோமீட்டர். மறுபடி நின்றது. தினமும் இதே கதை.

ஷெட்டுக்குப் போகிறவரை ஒரு தடவையும் வழியில் நிற்காத வண்டி. அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஒரிஜினல் ஜப்பான் கார்ப்பரேட்டரைக் கழற்றிக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டிவிட்டார். முடிவே பண்ணிவிட்டேன்.

டீக்கடையில் போய்ச் சத்தமாகச் சொன்னேன். ஒருத்தரிடம் இல்லை... வந்தவர் போனவர் எல்லாரிடமும். "மாடசாமிகிட்ட வண்டியை விடாதீங்க. சாமானை மாத்திருதாரு."

ஒரு மாதத்தில் ஷெட் வாசலில் நிற்கிற வண்டிகள் பாதியாகிவிட்டன.

அண்ணாச்சி சண்டைக்கு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "வண்டியை எடுங்க தம்பி. நான் பின்னால உக்காருதேன். எங்கன நிக்குதுன்னு பாப்போம்."

ரெண்டு பக்கமும் கரிசல் காடு, ஒதுங்க ஒரு உடைமரம்கூட இல்லை... அந்த இடத்தில் நின்றது. அவர் கார்ப்பரேட்டர் பக்கமே போகவில்லை. டேங்க் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. மிதித்தார். வண்டி எடுத்துவிட்டது.

மூடியைத் திருப்பிக் காட்டினார். காற்றுப் போக ஒரு பொடித் துவாரம். அரைஞாண் கயிற்றில் கிடந்த ஊக்கை எடுத்துக் குத்தினார். வெள்ளையாக ஒரு மெழுகுத் துணுக்கு வந்து விழுந்தது.

"மேல காத்துப் போனாத்தான் கீழ பெட்ரோல் எறங்கும். நீங்களே அடைச்சு வச்சிக்கிட்டு என்னையச் சொல்லுதீங்க."

அந்தத் துணுக்கை என் சட்டைப் பையில் போட்டார். "வச்சுக்கிடுங்க. உங்க சாமான். நாளைக்கு இதையும் எடுத்துட்டேன்னு சொல்லீருவீங்க."

வீட்டில் வந்து இறங்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "டீக்கடையில சொல்லீருங்க தம்பி. பொழப்புப் போகுது."

சொல்கிறேன் என்றேன்.

சொல்லத்தான் போனேன், மறுநாள். நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் கேட்டார். "என்ன, ஜப்பான் வண்டி இப்ப நிக்காம ஓடுதா?"

"ஓடுது."

"பாத்தீங்களா! நாலு பேரு காதுல போட்டதும் பயந்துபோய் ஒரிஜினலைத் திருப்பி மாட்டிட்டான்!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்...

பாய்லருக்குப் பக்கத்தில் மாடசாமி அண்ணாச்சி கிளாஸோடு நின்றிருந்தார். சிரித்து முடித்த பிறகுதான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பாதி டீயை வைத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறமும் ஆறு வருஷம் வண்டியை அவரிடம்தான் விட்டேன். வேறு யாரையும் நம்ப முடியவில்லை, கேவலம்தான்.

ஒவ்வொரு தடவையும் எனக்கு ஸ்டூல் போடுவார். பழைய பேப்பரை விரித்து, கழற்றுகிற ஒவ்வொரு சாமானையும் என் கண்முன்னால் வைப்பார். "எண்ணிப் பாத்துக்கிடுங்க தம்பி." குரலில் கோபமே இருக்காது. நானும் வெட்கம் கெட்டுப்போய் எண்ணுவேன்.

அந்த டீக்கடை இப்போது இல்லை. அன்றைக்கு அங்கே சிரித்தவர்களில் ஏழெட்டுப் பேர் என் ஃப்ரெண்ட் லிஸ்டில் இருக்கிறீர்கள். கொஞ்சம் கேளுங்கள்.

மாடசாமி அண்ணாச்சி கார்ப்பரேட்டரை மாற்றவில்லை. மெழுகு வைத்தது நான்.

சொல்லிட்டேன் அண்ணாச்சி... போயிட்டு வாங்க.