லீவு இல்லாத கால்

தங்கச்சி ஷூ கழற்றுவது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வாசல்படியில் உட்காருவாள். இடது ஷூ ஒரு உதறலில் போய்விடும். வலது ஷூவுக்குத்தான் நேரம் ஆகும். லேஸைக் கடைசி ஓட்டை வரைக்கும் உருவுவாள். ஒரு கையால் குதிகாலைத் தாங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பாள். அதுவரைக்கும் மூச்சை அடக்கி வைத்திருப்பாள். ஷூ கையில் வந்த பிறகு விடுவாள். நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். ஷூ இறுக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு ஷூ வேலை. ஆம்பூரில் ஒரு கம்பெனியில் லாஸ்டிங் செக்ஷன். தைத்து வரும் மேல்தோலைக் கால் வடிவ அச்சின்மேல் இழுத்து ஒட்டுவது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. ஈரத்தோலைத் தூக்கி டிரம்மில் போடுவது. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நைனாவும் நானும் அதிகம் பேசமாட்டோம். பேசுவது தங்கச்சி ஒருத்திதான். அவள் பேச்சை நிறுத்தினால் வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்கும்.

எங்கள் ஊரில் வாரத்துக்கு ரெண்டு லீவு. நைனாவின் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை, முதலாளி தொழுகைக்குப் போகிற நாள். எங்கள் கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமை. அதனால் அப்பாவும் பிள்ளையும் ஒன்றாக வீட்டில் இருக்கும் நாள் என்று ஒன்று கிடையாது. பண்டிகை வந்தால் உண்டு. அவர் லீவில் நான் அச்சுக்கு முன்னால் நிற்பேன். என் லீவில் அவர் டிரம்முக்கு முன்னால் நிற்பார். இதில் ஒரு குறை இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதே இல்லை. ஊரில் பல வீடு அப்படித்தான்.

தங்கச்சி கால்பந்தைப் பிடித்தது நைனாவின் வெள்ளிக்கிழமையில். மதியம் தொழுகை முடிந்து, சாப்பிட்டு, வெயில் இறங்கிய பிறகு பாலாற்றங்கரை மைதானத்தில் ஆட்டம் நடக்கும். தோல் ஷாப் ஆட்களின் பிள்ளைகளைச் சேர்த்து ஒருவர் கிளப் நடத்தினார். அவரும் ஷாப்பில் தோல் தரம் பிரிக்கிறவர்தான். எல்லோருக்கும் அவர் கோச் பாய். பிள்ளைகள் கம்மி என்பதால் பையன்களும் பெண்பிள்ளைகளும் ஒரே டீம். தங்கச்சி வலதுபக்க ஓரத்தில் ஓடுவாள். பள்ளிக்கூடம் விட்டுப் பாவாடைக்குள் டிராயரோடு நேராக அங்கேதான் போவாள். மற்ற நாட்களில் சாயந்திரம் பிராக்டிஸ், வெள்ளிக்கிழமை மேட்ச். நைனா கரையில் குந்தியிருப்பார். கை தட்டமாட்டார். அவள் கோல் போட்டால் ஒரு பீடி பற்றவைப்பார். பக்கத்தில் இருப்பவர்கள், "இன்னாண்ணே, உம் பொண்ணு இன்னைக்கு உன் பீடிக் கட்டையே காலி பண்ணிடும் போல" என்பார்களாம். இதெல்லாம் தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை. ஒரு தடவை வேலூரிலிருந்து ஒரு அகாடமிக்காரர் கிளப் மேட்சைப் பார்க்க வந்தார். இந்தப் பெண் வேகமாக ஓடுகிறாள், கூடுதலாகப் பயிற்சி கொடுத்தால் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பலாம் என்றார். சனியும் ஞாயிறும் காலையில் வேலூருக்கு வரவேண்டும். சனிக்கிழமை தெருவில் ஒரு டீச்சரம்மா அந்தப் பக்கம் போவார், அவரோடு போவாள். ஞாயிறு என்னோடு. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு அவளுக்கு. பள்ளிகொண்டா தாண்டும்வரை பேசிக்கொண்டே வருவாள், அப்புறம் என் தோளில் தூங்கிவிடுவாள். அங்கே பயிற்சி கொடுக்க வேறொரு சார். கூம்பு வைத்து ஓடவிடுவார், குதிக்கவிடுவார், திரும்பத் திரும்ப. மற்ற நாட்களில் விடியற்காலையில் செய்ய வேண்டியதை என் ஃபோனுக்கு அனுப்புவார். மொட்டைமாடியில் அவள் குதிக்கும் சத்தத்தில்தான் நாங்கள் எழுந்திருப்போம்.

வலி எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. நொண்டுவதை முதலில் பார்த்தது எதிர்வீட்டு அக்கா. அவருக்கும் எங்கள் கம்பெனிதான், தையல் செக்ஷன்.

"இன்னாடி, கோழியாட்டம் நடக்கறே?"

"ஷூ கடிக்குதுக்கா."

"கடிக்குதா? கொண்டா இங்க, அதும் பல்லப் புடுங்கறேன்."

அன்றைக்கே உள்பக்கத் தையலைப் பிரித்து மடித்துத் தைத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் என்னோடு வேலை செய்கிறவன் வந்து ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்தான். "டேய், ஓரத்துல இறுக்குதுடா. எவனோ வெள்ளக்காரன் காலுக்கு இழுத்து இழுத்து ஒட்றே, கூடப் பொறந்தவ காலுக்குப் பாக்க மாட்டியா?" என்றான். செக்ஷனில் கழித்துப்போட்ட அச்சு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, ஷூவுக்குள் அடித்து ஏற்றி அகலப்படுத்தினோம். தெருக்கோடியில் இருந்த கட்டிங் மாஸ்டர் மெத்தென்று ஆட்டுத்தோல் வெட்டி அடியில் போட்டுக் கொடுத்தார். குதிகால் பக்கம் ஒருவர் பஞ்சு வைத்தார். தெருவில் ஒருத்தர் பாக்கி இல்லை, எல்லோரும் அந்த ஷூவில் கைவைத்தார்கள். "இதப் போட்டுக்கினு பந்து ஆடாதம்மா, மணவறையில போய் உக்காரு" என்று மாஸ்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள். போட்டு நடந்து காட்டினாள். "சூப்பரா இருக்குண்ணா" என்றாள்.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஷூ தெரியும். ஷூவைப் பார்த்தால் எந்த இடத்தில் தப்பு என்று சொல்லிவிடுவோம். காலைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குக் கால் என்பது அச்சு. அச்சில் தப்பு வராது. தப்பு வந்தால் தோலில் வரும், தையலில் வரும், ஒட்டுவதில் வரும். அப்படித்தான் வேலை செய்து பழகியிருந்தோம். அவள் சொன்ன பொய்யும் எங்களுக்கு ஏற்ற பொய். வயிற்று வலி என்று சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூரில் ஓடிக்கொண்டிருந்தவள் நின்றாள். விழவில்லை. ஒற்றைக்காலில் நின்றாள், கொக்கு மாதிரி. சார் வந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொன்னார். பாதத்தின் வெளி ஓரம் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினார். அவள் சத்தம் போடவில்லை, காலை மட்டும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சார் என்னைப் பார்த்தார்.

"கிளப்ல இன்னும் ஆடறாளா?"

"ஆமா சார். வெள்ளிக்கிழமை மேட்ச். சாயந்திரம் பிராக்டிஸ்."

"விட்டுட்டேன்னு சொன்னாளே!"

அவள் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நைனாவும் நானும் வேலைக்குப் போகவில்லை. அம்மா செத்தபோது அவர் ஷாப்புக்கும் நான் பள்ளிக்கூடத்துக்கும் லீவு போட்டோம், அதற்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து லீவு போட்டது அன்றைக்குத்தான். வேலூரில் ஒரு எலும்பு டாக்டரம்மாவிடம் காட்டினோம். படம் எடுத்தார்கள். எலும்பில் மயிரிழை மாதிரி விரிசல். அடிபட்டு வந்ததல்ல, ஓய்வு இல்லாமல் ஓடி ஓடி வந்தது என்றார். இதே மாதிரி இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தால் முழுக்க உடைந்திருக்கும், அப்புறம் பந்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்:

"வாரத்துல எந்த நாள் இந்தப் பொண்ணுக்கு ரெஸ்ட்டு?"

"ஞாயித்துக்கெழமைங்க" என்றார் நைனா.

"வெள்ளிக்கிழமைங்க" என்றேன் நான்.

ரெண்டும் ஒரே நேரத்தில் வந்தது. டாக்டரம்மா எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நைனா என்னைப் பார்த்தார். "அதான் அகாடமி கீதே, நைனா" என்றேன். "அகாடமின்னா டியூஷன் மாதிரி உக்கார வெச்சி சொல்லித் தர்றதுதானேடா?" என்றார் அவர். நான் அவரைச் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை மேட்ச் என்றால் பிள்ளைகள் சும்மா ஆற்றங்கரையில் விளையாடுகிறார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். அவர் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்ததில்லை, நான் வெள்ளிக்கிழமையைப் பார்த்ததில்லை. அடுத்தவர் லீவைத்தான் அவரவர் அவளுக்கு ஓய்வாகக் கொடுத்து வைத்திருந்தோம். அவள் கையில் ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா அவளைக் கேட்டார். "நீ சொல்லும்மா, எந்த நாள்?"

"மழை பேஞ்சா ரெஸ்ட்டுங்க" என்றாள்.

வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தோம். நைனா பீடியை எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி என்று உள்ளே வைத்தார். "ஏம்மா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார். அவள் தலையை நிமிர்த்தவில்லை. "சொன்னா ரெண்டு பேருல ஒருத்தர் வராதேன்னுடுவாங்க. கிளப்புல எல்லாம் என் தோஸ்துங்க. அங்க போனாத்தான் எனக்கு ஆட்டமே வருது. அகாடமி போகலன்னா விடுதி கெடைக்காது. எத விடச் சொல்றே?" அவள் காலில் மாவுக்கட்டு மாதிரி பெரிய பூட்ஸ் ஒன்று மாட்டியிருந்தார்கள். அதன் பட்டையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ரெண்டு மாதம் வீட்டில் இருந்தாள். முதல் வாரம் தோழிகள் வந்தார்கள். அப்புறம் அவர்களுக்குப் பிராக்டிஸ். ஃபோனில் சார் அனுப்புவது நின்றது. அந்த ஃபோனை அடிக்கடி வாங்கிப் பார்ப்பாள், திருப்பிக் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆற்றங்கரையில் விசில் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். நைனா அந்த நாட்களில் மைதானத்துக்குப் போகவில்லை. அவளோடு வீட்டில் உட்கார்ந்திருந்தார். ரெண்டு பேரும் டிவி பார்த்தார்களாம். விசில் கேட்கும்போதெல்லாம் நைனா சத்தத்தை ஏற்றுவாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாப்புக்கு லீவு சொல்லிவிட்டு கோச் பாய் வந்தார். கையில் சாத்துக்குடி. நாற்காலியில் உட்காராமல் பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்கிட்ட அகாடமி மாசத்துல ஒரு தபா தான்னு சொன்னியேம்மா."

"உண்மையச் சொன்னா வேணாம்னுடுவீங்கன்னு..."

"நான் ஏன் வேணாம்ன்றேன்? ஹாஃப் டைமோட உக்காருன்னு சொல்லியிருப்பேன். ஆள் இல்லன்னு முழு மேட்ச் ஓட வெச்சேன். பேஜாரா இருக்குப்பா" என்று என்னைப் பார்த்தார். பிறகு, "அந்த சாருக்குப் போடு" என்றார். என் ஃபோனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒரே பெண்ணை ரெண்டு வருஷமாக ஓடவைத்த ரெண்டு பேரும் அன்றைக்குத்தான் முதலில் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் குரல் ஏறியது. அப்புறம் இறங்கியது. அகாடமிக்குப் போகிற வாரத்தில் கிளப்பில் பாதி மேட்ச். தேர்வு நெருங்கினால் கிளப் கிடையாது. காலையில் மாடியில் குதிப்பது கிடையாது. திங்கட்கிழமை ஒன்றும் கிடையாது, நடக்கக்கூட வேண்டாம். இப்படி முடிந்தது. பாய் உள்ளே வந்து, "திங்கக்கெழம நீ பந்தத் தொட்டா உங்கப்பன்கிட்ட சொல்லி டிரம்முல போட்டுடுவேன்" என்றார். ரெண்டு மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

எலும்பு கூடியது. அந்தக் கணக்கில் அடுத்த வருஷம் வரைக்கும் ஆடினாள். விடுதித் தேர்வில் எடுத்துக்கொண்டார்கள். தூரத்து ஊர், ரயிலில் ஒரு பகல். கொண்டுபோய் விட நான் போனேன். கேட்டில் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வர்றேண்ணா" என்று ஓடினாள். அந்தக் கால் தரையில் எப்படிப் படுகிறது என்று பார்த்தேன். நன்றாகத்தான் பட்டது.

இப்போது வெள்ளிக்கிழமை நைனா மறுபடியும் ஆற்றங்கரைக்குப் போகிறார். யார் கோல் போட்டாலும் பீடி பற்றவைக்கிறாரா என்று நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. துணி துவைத்துவிட்டு, சோறு ஆக்கிவிட்டு, உட்கார்ந்திருப்பேன். நைனா ஷாப்பில் இருப்பார். தங்கச்சிக்கு மேட்ச் இருக்கும். அவளுக்கு அங்கேயும் திங்கட்கிழமைதான் ஓய்வு. எங்கள் வீட்டில் இப்போது மூன்று லீவு. ஒன்றோடு ஒன்று சேர்வதில்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவளே கூப்பிடுவாள். செக்ஷனுக்குள் ஃபோன் கூடாது. கேட்டுக்கு வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்று பேசுவேன்.

"இன்னா பண்றே?"

"சும்மா படுத்துனு இருக்கேண்ணா."

"கால்?"

"நல்லா கீது."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நல்லாப் படு."

அதற்குமேல் எனக்குப் பேச வராது. முன்பெல்லாம் அவள் பேசுவாள், நான் கேட்பேன். இப்போது அவளுக்கும் என்னை மாதிரியே ஆகிவிட்டது. ஆனாலும் வைக்கமாட்டாள். நானும் வைக்கமாட்டேன். அவள் அறையில் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கும். பெல் அடிக்கும்வரை அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.