வெந்த விரல் என்னுடையது

ஒருவர் மேடையில் நின்று என் வாழ்க்கையைத் தன் வாழ்க்கையாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்க, அதே கூடத்தின் சமையலறைக் கதவோரம் நின்று நான் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு கொடுப்பினை எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும் என்று தெரியவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். அபுதாபிக்குப் பக்கத்தில் முசஃபாவில் ஒரு கராஜில் நான் வெல்டர். அதற்கு முன் விருத்தாசலம் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று சினிமாப் பாட்டாக வாசித்துத் தள்ளியவன், பிழைக்க வேண்டுமே என்று கிட்டாரையும் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினேன். வந்த முதல் கோடையிலேயே கொதிக்கக் கொதிக்க ஒரு சைலன்சர் நழுவி என் இடக்கையில் விழுந்தது. மோதிர விரல் வெந்துபோயிற்று. புண் ஆறியதே தவிர விரல் மடங்கவில்லை. கிட்டார்காரனுக்கு இடக்கை விரல் மடங்காவிட்டால் அதோடு முடிந்தது கதை. கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அப்படிக் கிடந்ததை மறுபடி எடுக்க வைத்தது ஒரு கேசட். ஸ்கிராப்புக்கு வந்த பழைய பிக்கப் ஒன்றின் டேஷ்போர்டில் அது சிக்கிக் கிடந்தது, பேர் எழுதிய தாள்கூட இல்லை. பேட்டரி கொடுத்துப் பார்த்தால் யாரோ ஒரு கிழவர் பாடுகிறார். அழுகிறாரா, கிண்டல் செய்கிறாரா என்று பிடிபடவில்லை. வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அவர் பாடி நிறுத்திய இடத்தில் கிட்டார் பதில் சொன்னது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் பதில் சொல்கிற மாதிரி. கம்பியை அவர் விரலால் அழுத்தவில்லை, எதையோ மேலே வைத்து இழுக்கிறார் என்று என் காதுக்குத் தெரிந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, விளிம்பைக் கிரைண்டரில் தேய்த்து வழுவழுப்பாக்கி, அந்த மடங்காத விரலில் மாட்டினேன். கம்பி மேல் வைத்து இழுத்தேன். கத்திவிட்டேன். மடங்காத விரலுக்கென்றே ஒரு வாசிப்பு உலகத்தில் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அறையில் எப்போதும் யாராவது டூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் சத்தம் அடங்கக் கிட்டாரின் வயிற்றுக்குள் குளிக்கிற துண்டைத் திணித்துக்கொண்டு, தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்புக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்து வாசிப்பேன்.

அது அமெரிக்கக் கறுப்பர்கள் தங்கள் துயரத்தைப் பாடிய வாசிப்பு, ப்ளூஸ் என்று பேர் சொல்லித் தந்தவர் ஒரு இஞ்சினியர். சென்னைக்காரர். எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் பெரிய வேலை, குடும்பத்தோடு நகரத்தில் இருந்தார், நன்றாகப் பாடுவார். காரை வெல்டிங்குக்கு விட வந்தவர், சாப்பாட்டு இடைவேளையில் நான் வாசித்ததைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"யாருப்பா உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல சார். ஒரு கேசட்டு."

"சார்லாம் வேணாம். அண்ணான்னு கூப்பிடு."

அடுத்த வெள்ளிக்கிழமையே வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் மனைவி வத்தக்குழம்பும் அப்பளமும் போட்டார், மோருக்குத் தனி டம்ளர் வைத்தார். கேம்ப்பில் கிடப்பவனுக்கு ஒரு பலவீனம் உண்டு. குடும்பம் நடக்கிற வீட்டில் ஒருவேளை சோறு போட்டுவிட்டால் போதும், அந்த வீட்டுக்காரரைக் கூடப்பிறந்தவராகவே எண்ணிவிடுவான். நானும் எண்ணினேன். ஒவ்வொரு வெள்ளியும் போனேன். சாப்பாட்டுக்கு அப்புறம் அவருக்குக் குழாய் வைத்து இழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். அவர் என்னிடம் கேள்வியாகக் கேட்பார். விரல் எப்படி வெந்தது, அப்போது என்ன தோன்றியது, துண்டை எதற்குத் திணிக்கிறாய், பக்கத்துக் கட்டில்காரன் என்ன சொல்வான். என் மேல் இவ்வளவு பாசமா என்று நெகிழ்ந்துபோய் ஒன்று விடாமல் சொன்னேன். ஊரில் என் அப்பாகூட இத்தனை கேட்டதில்லை.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. வெல்டிங்கை விட்டுவிட்டு வாசித்தே பிழைக்க வேண்டும். ஆனால் அங்கே யார் விசாவில் இருக்கிறோமோ அந்த முதலாளியிடம்தான், கஃபீல் என்பார்கள், வேலை செய்யலாம்; அவர் ரிலீஸ் எழுதிக் கொடுத்தால்தான் வேறு இடம் போகலாம். ஹோட்டலில் வாசித்துப் பிடிபட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஹோட்டல்காரனே என்னை விரும்பி விசா எடுத்தால்தான் உண்டு. அதற்கும் அவரே வழி சொன்னார்.

"மொதல்ல நான் ஒரு நாள் வாசிக்கறேன். எனக்கு ஆபீஸ்ல பர்மிஷன் குடுத்துடுவாங்க. மேனேஜருக்கு இந்த சவுண்டு புடிச்சுப் போச்சுன்னா, இவன்தான் சார் என் குருன்னு உன்னைக் கொண்டுபோய் நிறுத்தறேன். அப்புறம் உன் கஃபீல்கிட்ட ரிலீஸ் வாங்கறது ஒரு விஷயமா?"

கடையில் வாங்கிய கண்ணாடிக் குழாய் அவருக்குச் சரிப்படவில்லை. என் குழாயைக் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன்.

அவர் வாசிக்கிற அன்றைக்கு ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு ஹோட்டல் ஊழியர்கள் போகிற பின்வாசல் வழியாக நுழைந்தேன். அவருடைய பழைய சட்டை ஒன்றைக் கொடுத்திருந்தார், தோளில் தொளதொளத்தது. கூடத்தில் வெள்ளைக்காரர்கள் நிறையப் பேர். இரண்டு பாட்டு முடிந்தது. பரவாயில்லாமல் வாசித்தார், நான் சமையலறைக் கதவோரம் பெருமையாக நின்றேன். மூன்றாவது பாட்டுக்கு முன் மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்தார். எனக்கு அப்போது அரைகுறை ஆங்கிலம்தான், ஆனால் வெல்டர், முசஃபா, கேம்ப் எல்லாம் புரியாதா? என்னைத்தான் சொல்கிறார், இப்போது கூப்பிடப்போகிறார் என்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டி வந்தது. துண்டு வந்தது. பிக்கப்பும் கேசட்டும் வந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் "நான்" என்று வந்தது. கடைசியில் குழாய் மாட்டிய விரலை உயர்த்திக் காட்டினார். வெந்த விரல் இதற்குள்தான் இருக்கிறது, யாருக்கும் காட்டுவதில்லை என்றார். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் விரலோ அந்தத் தொளதொளச் சட்டைப் பைக்குள் இருந்தது.

கார் நிறுத்தும் இடத்தில் அவருக்காகக் காத்திருந்தேன்.

"என்ன சார் இது?"

"ஏய், என்ன திடீர்னு சார்ங்கறே?"

"அது என் வெரலு சார்."

சிரித்தார். "இது ஷோ, தம்பி. ப்ளூஸ் கேக்க வர்றவனுக்குக் கஷ்டப்பட்டவன் வேணும். ஏசி ரூம்ல உக்காந்து கத்துக்கிட்டேன்னு சொன்னா எவன் கேப்பான்?"

"அப்ப கஷ்டப்பட்டவனையே மேடை ஏத்தியிருக்கலாமே."

"உனக்கு இங்கிலீஷ் வராதேப்பா."

அது சுரீரென்று குத்தியது. ஆனாலும் வெட்கத்தை விட்டு, மேனேஜரிடம் என் விஷயத்தைப் பேசினீர்களா என்று கேட்டேன். கார் கதவைத் திறந்தபடியே சொன்னார்.

"இப்ப எப்படிப்பா பேசறது? வெல்டர் நான்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்லியாச்சு. இன்னொரு வெல்டரைக் கொண்டுபோய் நிறுத்தினா என்ன நினைப்பாங்க?"

வெள்ளிக்கிழமைச் சாப்பாடு அதோடு நின்றது. குழாயைத் திருப்பித் தரவில்லை. அவர் வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பாடகரானார். துபாய், பஹ்ரைன், தோஹா என்று போனார், ரேடியோவில் பேசினார். அறைத் தோழன் ஒருவன், நல்ல பையன், ஒருநாள் கேட்டான்.

"அண்ணே, அந்தக் கிட்டாருக்காரரு நம்ம முசஃபால வெல்டரா இருந்தவராமே! எந்தக் கராஜுண்ணே?"

"நம்ம கராஜுதான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். வேறென்ன சொல்வது? அவரைப் போல விரலை உயர்த்திக் காட்டி ஊரைக் கூட்டவா? சொன்னாலும் நம்புகிற முகமா எனக்கு?

ரோஷத்தில் ஆங்கிலம் கற்றுக்கொண்டேன். கான்ட்ராக்ட் முடிந்து ஓமானில் சோஹாருக்குப் போனேன், துறைமுகத்துப் பக்கம் வெல்டர் வேலை. புதிதாக ஒரு குழாய் வெட்டிக்கொண்டேன். அங்கே கஃபீல் நல்ல மனிதர், வேறு வேலை கிடைத்தால் தாராளமாக ரிலீஸ் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். கடற்கரையோர ஹோட்டல் ஒன்றில் மதுக்கூடத்துக்கு வாசிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நேரே போய் நின்றேன். மேனேஜர் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசினார். வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும் எழுந்து வந்து கை கொடுத்தார்.

"பிரமாதம். விசா எடுத்துடலாம். கெஸ்ட்டுங்க முன்னால உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும். எப்படிக் கத்துக்கிட்டீங்க?"

இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததெல்லாம் வந்தது. கராஜ், சைலன்சர், கேசட், தண்ணீர்த் தொட்டி, எல்லாம் சொன்னேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

"சேட்டா, தப்பா எடுத்துக்காதீங்க. இது அந்த முசஃபா வெல்டர் பாடகரோட கதையாச்சே. போன வருஷம் இங்கேயே வந்து பாடினார். நம்ம கெஸ்ட் எல்லாருக்கும் தெரியும். நீங்க சொன்னா காப்பியடிக்கறான்னு சிரிப்பாங்க."

குழாயைக் கழற்றி விரலைக் காட்டினேன். அவர் பார்த்தார், பாவம், மனம் கஷ்டப்பட்டது தெரிந்தது. அப்படியும் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"நான் நம்பறேன். அவங்க நம்பமாட்டாங்க. வேற ஏதாவது சொல்லுங்களேன். மெட்ராஸ்ல இஞ்சினியர், நல்ல வேலை, ஃபேமிலி, கார் எல்லாம் இருந்தது, மியூசிக்குக்காக விட்டுட்டு வந்தேன்னு. அந்த மாதிரி ஒரு கதையை இங்க யாரும் சொன்னதில்ல."

விசா வந்தது. முதல் நாள் கூடம் நிறைந்திருந்தது. நான் மைக்கைப் பிடித்து, நல்ல ஆங்கிலத்தில், நான் சென்னையில் இஞ்சினியராக இருந்தவன் என்று ஆரம்பித்தேன். எல்லோரும் நம்பினார்கள்.