ஏசிக்குக் கீழே தோடி

மேடை ஏறியதும் ஷோபா கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூ பேப்பரை உருவி, உட்காரப்போகிற இடத்தில், உதட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். தாள் அசையாமல் தொங்கினால் உட்காருவார். ஆடினால் ஒரு முழம் தள்ளிப்போய் மறுபடி பிடிப்பார். லிப்ஸ்டிக்கைச் சரிபார்க்கிறார் என்று முன்வரிசைப் பெண்கள் நினைத்துக்கொள்வார்கள். ஷோபா லிப்ஸ்டிக் போட்டு இருபத்தெட்டு வருஷமாகிறது. புல்லாங்குழல்தான் பிழைப்பு என்று ஆனதோடு அது நின்றுபோயிற்று.

அவருடைய ஜென்மப் பகை ஏசி. மூங்கில் குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும். வயலின்காரருக்குத் திருகிக்கொள்ளப் பிரடை இருக்கிறது, மிருதங்கக்காரருக்குத் தட்டிக்கொள்ளக் கல் இருக்கிறது. குழலுக்குத் திருகவும் கிடையாது, தட்டவும் கிடையாது. வாசிப்பவரின் மூச்சுச் சூடு ஒன்றுதான். மேலேயிருந்து காற்றும் வீசினால் அந்த மூச்சும் துளையில் விழாமல் பக்கவாட்டில் ஓடிவிடும். இதைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் அவர் சொல்லிப் பார்த்துவிட்டார். ஹைதராபாத்தில் கல்யாண மண்டபம் கட்டுகிறவர்கள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அப்பா அய்யாக்கண்ணு மாயவரத்துப் பக்கத்திலிருந்து வந்து ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் டர்னராக இருந்தவர். ஸ்பேனர்களைச் செருகிச் சுருட்டி வைக்கிற கேன்வாஸ் உறையில் இன்னும் நாலு பை சேர்த்துத் தைத்து மகளுக்குக் கொடுத்தார். ஷோபாவின் பதினொரு குழல்களும் இன்றைக்கும் அதில்தான் பயணம் செய்கின்றன. பேகம்பேட்டை ஓட்டல்களில் ஒவ்வொரு முறையும் காவலாளி அதை விரிக்கச் சொல்வான். "பிளம்பரா மேடம்?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். "ஹவ், ஆமா, உங்க ஓட்டல்ல எல்லாமே ஒழுகுது, அடைக்க வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டுக்குள் போய்விட்டார்.

ஓட்டல் ரிசப்ஷன்களில் அவருக்குக் கிடைக்கும் மரியாதையைப் பற்றி எழுதினால் பேனாவுக்கே கோபம் வரும். வானொலி நிலையத்தில் தேர்வு பெற்ற கலைஞர். மூன்றரை மணி நேரம் துக்கடா இல்லாமல் வாசிக்கக்கூடியவர். அவரைச் சாப்பாட்டு மேஜை ஓரத்தில் நிற்க வைத்து, "மேடம், நடந்துகிட்டே வாசிங்க, வீடியோவுக்கு நல்லா இருக்கும்" என்கிறார்கள். ஒரு கல்யாணத்தில் ஐஸ்கட்டியில் செதுக்கிய அன்னப்பறவைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். "ஐஸ் பக்கத்துல நின்னு எந்தப் பாவியாவது குழல் வாசிப்பானா? கைக்கு, ஏன் இப்படிப் பண்றீங்கன்னு கேட்டா, தீம் மேடம், தீம்ங்கிறான்!" என்று இப்போதும் பல்லைக் கடிப்பார். அன்று வாசித்த மோகனம் அன்னத்தோடு சேர்ந்து கரைந்தது.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்வார், பிழைப்பு. சபாவை மட்டும் அவரால் பொறுக்க முடிந்ததில்லை. நகரத்தில் தமிழர்கள் நடத்தும் ஒரு சபா வருஷாவருஷம் மார்ச்சில் விழா எடுக்கிறது. பத்தொன்பது வருஷமாக அதில் ஷோபாவுக்கு நாலு மணிக் கச்சேரி. சாப்பிட்டுவிட்டு வந்து தூங்குகிறவர்கள் பதினைந்து பேர், அடுத்த கச்சேரிக்கு இடம் பிடிக்க வந்தவர்கள் பத்துப் பேர். மாலை ஆறேகால் கச்சேரிக்குச் சென்னையிலிருந்து விமானத்தில் ஆள் வரும். உள்ளூர்க்காரருக்கு அந்த நேரத்தைக் கொடுக்கக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. கொடுத்ததும் இல்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

போன மார்ச்சில் சென்னைப் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சபாச் செயலாளர் வெங்கட்ரமணன், ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு நாள் முன்னால் ஷோபாவுக்குப் போன் செய்தார். "கடைசி நேரம்தான். நீங்கதான் காப்பாத்தணும்." ஆறேகால் மணி, இரண்டரை மணி நேரம். ஷோபா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: மேடைக்கு மேலே இருக்கும் இரண்டு ஏசியும் ஓடக்கூடாது.

வெங்கட்ரமணன் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தக் கதையா இருக்கே, மேடம்."

"ஆடத் தெரிஞ்சவளுக்குத்தான் சார் கூடம் கோணல்னு தெரியும்" என்றார் ஷோபா. மறுமுனையிலிருந்து, சரி, போட மாட்டோம் என்று வாக்கு வந்தது.

பிரதான ராகமாகத் தோடியை வைத்துக்கொண்டார். தோடியின் காந்தார ஸ்வரம் குழலில் ஒரு துளையை அரையும் காலுமாக மூடித் திறந்து அசைக்க வேண்டியது. நூலிழை இறங்கினாலும் ஊரே திரும்பிப் பார்க்கும். இருபது வருஷமாக விடியற்காலையில் அதோடு மல்லுக்கட்டுகிறவர் ஷோபா. நாலு மணிக் கூட்டத்துக்கு அதை வாசித்ததே இல்லை. தூங்குகிறவர்களுக்குத் தோடி எதற்கு?

கச்சேரி அன்று காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டார். ஒலிபெருக்கி ஆள் முகமது யூசுப், ஆம்பூர்த் தாய்க்கு மகன், கையெடுத்துக் கும்பிட்டான். "டென்ஷன் நக்கோ மேடம். ஸ்டேஜ் மேல ரெண்டும் பந்த்." டிஷ்யூ பேப்பர் ஆணி அடித்த மாதிரி நின்றது.

கச்சேரி நன்றாகவே ஏறியது. வர்ணத்திலேயே கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பக்கத்தில் வயலின் சாவித்ரி, பதினெட்டு வருஷமாகக் கூட வாசிப்பவர், நாலு மணித் தூக்கங்களையெல்லாம் சேர்ந்தே பார்த்தவர், கண்ணாலேயே சபாஷ் சொன்னார். ஏழு மணிக்கு ஷோபா தோடியைத் தொட்டார். காந்தாரத்தில் நின்றபோது மூன்றாவது வரிசைக் கிழவர் ஒருவர் வாய்விட்டு "அடடா" என்றார். பத்தொன்பது வருஷத்தில் அந்த மண்டபத்தில் ஷோபாவுக்குக் கிடைத்த முதல் அடடா.

அப்போதுதான் சீஃப் கெஸ்ட் வந்தார். விழாவுக்குப் பணம் கொடுத்தவர், சில்க் ஜிப்பா. முன்வரிசை நடுவில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். இரண்டாவது முறை துடைப்பதற்குள் வெங்கட்ரமணன் ரிமோட்டோடு எழுந்துவிட்டார்.

ஷோபாவின் நெற்றியில் குளிர்ந்த காற்று இறங்கியது. தூரத்தில் யூசுப் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். நான் இல்லை மேடம் என்று அர்த்தம். உதட்டைத் துளையிலிருந்து சற்று வெளியே திருப்பிச் சுருதியை ஏற்றிப் பார்த்தார். கீழ் ஸ்தாயியில் ஏமாற்ற முடிந்தது. மேல் ஷட்ஜத்தில் முடியவில்லை. சுருதிப் பெட்டி தன் இடத்தில் இருந்தது, வயலின் தன் இடத்தில் இருந்தது, குழல் மட்டும் படி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏசி போட்டுட்டாங்க, ஷோபா" என்றார் சாவித்ரி, வில்லுக்குப் பின்னாலிருந்து.

"தெரியுது."

முன்வரிசைப் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் உதட்டைப் பிதுக்கினாள். உள்ளூர்க்காரங்க இவ்வளவுதான் என்று அதற்குப் பொருள். வேர்த்தது சீஃப் கெஸ்ட்டுக்கு, ரிமோட் வெங்கட்ரமணனிடம், கெட்ட பேர் ஷோபாவுக்கு. இப்படி முடிந்தால் ஆறேகால் மணி இனி ஒரு நாளும் வராது. நியாயம் என்ற சொல்லை இந்த மண்டபத்து வாசலில் செருப்போடு கழற்றி விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள் போலும்.

ஆலாபனை முடியவில்லை. வெங்கட்ரமணன் மைக்கோடு மேடை ஏறினார். "ஒரு சின்ன இடைவேளை. நம்ம சீஃப் கெஸ்ட்டுக்கு அடுத்து இன்னொரு ஃபங்ஷன் இருக்கு." ஷோபா குழலை இறக்கினார். ராகம் பாதி வழியில் நின்றது. சீஃப் கெஸ்ட் பொன்னாடையை விரித்து அவர் தோளில் போட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

வெங்கட்ரமணன் மைக்கை மறைத்துக்கொண்டு குனிந்தார். "மேடம், தோடிய இதோட விட்டுடலாம். ரெண்டு துக்கடா வாசிச்சு முடிச்சிடுங்க. இன்னிக்குச் சுருதி கொஞ்சம்... பரவாயில்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

ஷோபா தோளிலிருந்த பொன்னாடையை இழுத்து மடியில் போட்டார். குளிர்ந்த குழலைச் சூடேற அதன்மேல் கிடத்தி, ஜரிகை உள்ளே போகும்படி மூன்று சுற்றுச் சுற்றி, இடது அக்குளில் இடுக்கிக்கொண்டார். கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூ பேப்பரை உருவினார். உதட்டுக்கு நேராக, மண்டபம் முழுக்கத் தெரியும்படி, தூக்கிப் பிடித்தார்.

தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. மூன்றாவது வரிசைக் கிழவர் தாளைப் பார்த்தார், மேலே ஏசியைப் பார்த்தார், கடைசியில் வெங்கட்ரமணனைப் பார்த்தார். பின்வரிசைகளிலும் தலைகள் அதே வழியில் திரும்பின. வெங்கட்ரமணனின் கை மெல்லத் தன் சட்டைப் பையிலிருந்த ரிமோட்டுக்குப் போனது.

தாள் ஆடி ஓயும்வரை ஷோபா கையை இறக்கவில்லை.