பிரேக் டீச்சரும் தகவல் நெடுஞ்சாலையும்

'தகவல் நெடுஞ்சாலை' என்ற சொல்லை ஊரே வாயில் போட்டு மென்றுகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. இணையம் என்றால் என்னவென்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் அது ஒரு பெரிய சாலை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. செய்தித்தாளைப் பிரித்தால் நெடுஞ்சாலை, வானொலியைத் திருப்பினால் நெடுஞ்சாலை. மேடையில் மைக் கிடைத்தவர்கள் அத்தனை பேரும் நம்மை அந்தச் சாலையில் அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்தார்கள். அதில் போய் என்ன செய்வது என்று கேட்டால் மட்டும், பேசியவருக்குச் சட்டென்று தண்ணீர் தாகம் எடுத்துவிடும்.

'சாலை என்றால் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே' என்று யோசித்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவரைத்தான் பின்னாளில் எல்லாரும் பிரேக் டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

அப்பா விட்டுப்போன டிரைவிங் ஸ்கூலை டீச்சரும் அவருடைய அண்ணனுமாக நடத்தினார்கள். கீழ்த்தளத்து அலுவலக நாற்காலி அண்ணனுக்கு. தங்கைக்குப் பழைய காரில் ஓட்டுபவரின் பக்கத்து சீட். அந்த சீட்டுக்குக் கீழே டீச்சருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. முதல் பாடத்தில் அவர் வண்டியை நகரவே விடமாட்டார். பிரேக்கை மிதி, எடு, மறுபடி மிதி, அவ்வளவுதான்.

"ஓடுறது வண்டியோட வேலை. நிறுத்துறதுதான் உங்க வேலை" என்பார். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பறக்கலாம் என்று ஆசையாக வந்தவர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஒருநாள் செய்தித்தாளை மடித்து அண்ணன் முன்னால் வைத்தார்.

"மாடியில டயர் போட்டு வெச்சிருக்கிற ரூமை எனக்குக் குடுண்ணா. கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பிக்கப் போறேன்."

"கம்ப்யூட்டருக்கும் நமக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அது ரோடுன்னு உலகமே சொல்லுது. ரோடுன்னா நம்ம பொழப்புதானே?"

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் டயர்களை வெளியே எடுக்கச் சொன்னார். தங்கை ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

டீச்சர் செய்த அடுத்த காரியத்தைக் கேட்டு, அவர்கள் காரைப் பழுது பார்க்கும் வெல்டரே வாயைப் பிளந்தார். உடைப்புக்குப் போன கார்களிலிருந்து பிரேக் மிதிகளைக் கழற்றி, ஒவ்வொரு கம்ப்யூட்டர் மேசைக்கு அடியிலும் பொருத்தித் தரவேண்டுமாம்.

"மேசை எங்கேயாவது ஓடிப் போகுதா டீச்சர்?"

"மேசை போகாது. உக்காருறவங்க போயிடுவாங்க."

வெல்டர் நெற்றியைச் சொறிந்துகொண்டே செய்து கொடுத்தார். மிதித்தால் திரைக்குப் போகும் மின்சாரம் நிற்கும், திரை இருண்டுவிடும். காலை எடுத்தால் மறுபடி வெளிச்சம் வரும். திரையில் எது வந்து 'உடனே செய், இப்போதே அழுத்து, இதுதான் கடைசி வாய்ப்பு' என்று துரத்தினாலும் கை மவுஸைத் தொடக்கூடாது, முதலில் கால் போகவேண்டும். இருட்டுத் திரையைப் பார்த்தபடி ஒரு மூச்சு விடவேண்டும். அதற்குப் பிறகுதான் யோசனை.

"பின்னாடி ஹார்ன் அடிக்கிறவன் உங்க வண்டிய ஓட்டலை. அவன் அடிச்சா அடிக்கட்டும்" என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வார்.

முதலில் சேர்ந்தது அண்ணி, அதாவது அண்ணனின் மனைவி. ஆர்வமெல்லாம் கிடையாது. ஒருத்தரும் வராமல் போனால் நாத்தனாருக்கு அவமானமாகிவிடுமே என்ற இரக்கம்தான். பயந்த சுபாவம். புதுப் பக்கம் திறந்தால் மிதிப்பார், எழுத்து பெரிதாக வந்தால் மிதிப்பார், படம் அசைந்தால் இரண்டு காலாலும் மிதிப்பார். அடுத்து வந்தவர் தையல்காரர். அவர் கால் அது பாட்டுக்குத் தையல் மிஷினை ஓட்டுவதுபோல ஓட்டியதில், திரை அணைந்து எரிந்து அணைந்து எரிந்து, பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தலைசுற்றல் வந்தது.

பிறகு வகுப்பு பிடித்துக்கொண்டது. எப்படி என்று கேட்டால், லைசென்ஸால்தான். பரீட்சையில் தேறியவர்களுக்குப் புகைப்படம் ஒட்டிய 'தகவல் நெடுஞ்சாலை ஓட்டுநர் உரிமம்' கொடுத்தார் டீச்சர். அதற்கு எந்த அரசாங்கத்திலும் மதிப்பில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு கண்ணாடி அலமாரியில் அது நடுநாயகமாக நின்றது. மாடிப்படியில் வரிசை நின்றது. கீழே கார் கற்க வந்தவர்கள் மேலே போகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். வாசலில் 'தகவல் நெடுஞ்சாலை வகுப்பு' என்று புதுப் பலகை ஏறியது. இந்த யோசனையே தன்னுடையதுதான் என்று அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளக்க ஆரம்பித்தார். டீச்சர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

வெளியூர் பிரவுசிங் சென்டர்களில் அவருடைய மாணவர்களைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். உட்கார்ந்ததும் குனிந்து மேசைக்கு அடியில் தேடுவார்கள். "இங்க பிரேக் இல்லையா?" என்று கேட்டு அங்கிருப்பவர்களைத் திகைக்க வைப்பார்கள்.

சொல்லுக்கும் ஒரு மவுசு காலம்தானே. செய்தித்தாள்கள் சாலையை விட்டுவிட்டு வலைக்குத் தாவின. வலையிலிருந்து 'கிளவுட்' என்ற மேகத்துக்குத் தாவின. கைக்குள் அடங்கும் போன் வந்தது. கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது, விரலால் தள்ளினால் போகிறது என்றார்கள். மாடிப்படி காலியானது. தெருவில் போன ஒரு ஜோடி பலகைக்கு முன்னால் நின்று, சிரித்துச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டது.

டீச்சரும் மேகத்தைப் புரிந்துகொள்ள நிஜமாகவே முயற்சி செய்தார். "அதை யாரு ஓட்டுறது? அதுல எங்க நிக்கிறது?" என்று கேட்டுப் பார்த்தார். கேட்டவர்கள் போனைத் தள்ளிக்கொண்டே நகர்ந்தார்கள். காரில் பாடம் சொல்லிக்கொடுப்பது தொடர்ந்தது. மாடி அறையை மட்டும் ஞாயிறுதோறும் தூசி தட்டி வைத்தார். கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன, மேசைகளும் மிதிகளும் அப்படியே இருந்தன.

அப்போதுதான் மேகப் பயிற்சி தரும் ஒரு நிறுவனம் அந்த அறையை வாடகைக்குக் கேட்டது. அண்ணன் உடனே சரி என்றுவிட்டார்.

"கொஞ்ச நாள் பொறுண்ணா. போன் வெச்சிருக்கிறவங்களுக்கு இதையே மாத்திச் சொல்லித் தர்றேன்."

"யாரும்மா வருவா? அந்தச் சொல்லையே எல்லாரும் மறந்துட்டாங்க. நீ மட்டும்தான் அதை இன்னும் தூக்கிச் சுமந்துட்டு இருக்கே."

டீச்சர் போய் காரில் உட்கார்ந்தார். அழுகை வந்தது. அறை போவதுகூடப் பெரிதில்லை. யாரோ மேடையில் உளறியதை நம்பி நல்ல வயசையெல்லாம் அந்த மாடியில் தொலைத்துவிட்டோமோ, எல்லாருக்கும் வெறும் வேடிக்கை காட்டினோமோ என்ற நினைப்புதான் அவரை அறுத்தது.

அறையைக் காலி செய்யும் நாள் வந்தது. வெல்டர் மேசைகளுக்கு அடியில் புகுந்து மிதிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். அண்ணி தன் பழைய மேசையில் உட்கார்ந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் ஸ்பேனர் எடுக்கக் கீழே போயிருந்தார்.

அண்ணனின் போன் அடித்தது. எடுத்தவர் முகம் வெளுத்தது. எதிர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். போனில் வந்த குரல் அறை முழுக்கக் கேட்டது.

"போலீஸ்லேருந்து பேசுறோம். உங்க ஸ்கூல் பேர்ல கள்ள லைசென்ஸ் போயிருக்கு. கைது உத்தரவு ரெடி. போனை கட் பண்ணக்கூடாது. யார்கிட்டேயும் பேசக்கூடாது. உங்க பேங்க்லேருந்து ஒரு நம்பர் வந்திருக்கும், அதை உடனே சொல்லுங்க. உடனே!"

அண்ணன் போனை விலக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படிக்க ஆரம்பித்தார். "நாலு... ஏழு..."

டக்!

அண்ணியின் வலது கால் மிதியை அதன் அடிவரைக்கும் அழுத்தியிருந்தது. இருண்டுபோக அங்கே திரை ஒன்றும் இல்லை. கால் போன பின்னால் கையும் போனது. புருஷன் கையிலிருந்த போனைப் பிடுங்கி அணைத்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் புருஷனிடமிருந்து எதையும் பிடுங்கியதில்லை.

"என்னடி பண்ணினே? என்னைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க!"

அண்ணி மிதியிலிருந்து காலை எடுக்கவே இல்லை. "பின்னாடி ஹார்ன் அடிக்கிறவன் நம்ம வண்டிய ஓட்டலைங்க. முதல்ல மூச்சு விடுங்க."

ஸ்பேனரும் கையுமாக வாசலில் நின்று கேட்ட டீச்சர், உள்ளே வந்து அண்ணனைக் கைபிடித்து எழுப்பினார்.

மூச்சு விட்ட பிறகு மூவரும் நேரே முனையில் இருந்த காவல் நிலையத்துக்குப் போனார்கள். அப்படி ஒரு வழக்கே இல்லை. ஆனால் அதே குரலிடம் ஏமாந்து அழுதுகொண்டு வந்தவர்கள் அங்கே பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். மேகமும் வலையும் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் எல்லாரும்.

"நல்லவேளை சார், சுதாரிச்சுட்டீங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் சுதாரிக்கலை. இவதான் பிரேக் போட்டா" என்ற அண்ணன், தொண்டையைச் செருமிக்கொண்டு தங்கையைக் கைகாட்டினார். "சொல்லிக்கொடுத்தது இவ. என் தங்கச்சி."

அன்று சாயங்காலமே டீச்சர் பழைய மாணவர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார். பலருக்கும் அந்த அழைப்பு வந்திருந்தது. அவர் விசாரித்த வரையில் ஒருவர்கூட மாட்டவில்லை. மருந்துக்கடைப் பெண்மணி தரையை ஓங்கி மிதித்ததில் செருப்பு அறுந்ததாம். தையல்காரர் கதை இன்னும் மேலே. 'உடனே' என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் கால் பழக்கதோஷத்தில் மிஷினை மிதித்துவிட்டது. கடகடவென்று மிஷின் ஓடிய ஓட்டத்தில், எதிரில் பேசியவனே மிரண்டு போனை வைத்துவிட்டான். டீச்சர் வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். தன் உழைப்பு எங்கே போனதென்று தேடிக்கொண்டிருந்தவருக்கு, அது ஊர்க்காரர்களின் கால்களில் பத்திரமாக இருப்பது தெரிந்துபோனது.

மேகக்காரர்களுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் அண்ணன். வெல்டர் முணுமுணுத்துக்கொண்டே மிதிகளைத் திரும்ப மாட்டினார். பெயின்டர் வந்து பழைய பலகையைச் சுரண்டப் போனபோது, முதலில் ஓடிவந்து தடுத்ததும் அண்ணன்தான்.

"நெடுஞ்சாலையை அழிக்காதீங்க! அது எங்க பேரு!"

"அழிக்கட்டும்ணா. நாளைக்கு மேகமும் போயி வேற ஏதாவது வரும், அப்பவும் பலகையை மாத்தணுமா?" என்ற டீச்சர், பெயின்டரிடம் திரும்பினார். "'பிரேக் வகுப்பு'ன்னு மட்டும் பெரிசா எழுதுங்க."

புது வகுப்பின் முதல் நாள் அறை கொள்ளவில்லை. காவல் நிலையத்துப் பெஞ்சில் அழுதவர்கள் பாதி, அவர்களைப் பார்த்துப் பயந்தவர்கள் மீதி. மிதிகளில் இப்போது எந்த வயரும் இல்லை, சத்தம் மட்டும்தான். முன்வரிசையில் அண்ணன். பக்கத்து சீட்டில், பாடம் சொல்லித்தருபவராக, அண்ணி.

டீச்சர் திடீரென்று குரலை உயர்த்தினார். "நேரம் இல்லை! கட் பண்ணாதீங்க! உடனே சொல்லுங்க!"

டக்! அறையே ஒரே காலாக மிதித்தது. கட்டடம் அதிர்ந்தது. எல்லாம் அடங்கிய பிறகு முன்வரிசையிலிருந்து தனியாக ஒரு 'டக்' வந்தது. அறை முழுக்கச் சிரிப்பு.

"நானும்தான் மிதிச்சேன். பாஸ்தானே?" என்றார் அண்ணன்.

டீச்சர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"பிரேக் லேட்டுங்க. நாளைக்கும் வாங்க."