அழகுக்காக அல்ல, இரண்டு பற்கள்

மாரத்தஹள்ளியைத் தாண்டியதும் குறுக்கே ஒரு தண்ணீர் லாரி திரும்பியது. அலுவலக வண்டியின் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். முன்சீட்டின் இரும்புக் கம்பி என் வாய்க்குள் வந்து போனது. மேல்வரிசை நடுப்பற்கள் இரண்டும் மடியில் கிடந்தன, அரிசியில் பொறுக்கிய கல்லைப் போல. உதடும் கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒருநாள் படுக்க வைத்துத் தையல் போட்டு அனுப்பினார்கள்.

அப்போது என் பிழைப்பே பல்லில்தான். அமெரிக்காவில் யாரோ ஒருவர் சொத்தையை அடைத்துக்கொண்டால், அந்தக் கிளெய்ம் கடல் தாண்டி வைட்ஃபீல்டில் என் கம்ப்யூட்டருக்கு வரும். கொடுக்கலாம், கூடாது என்று தட்டிவிடுவேன். முகம் இல்லாத வாய்கள். ஷிஃப்ட் முழுக்க வாய்கள். அவற்றின் எண்கள் கனவிலும் என்னோடு வரிசையில் நிற்கும்.

எங்களுக்கும் கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தது. பல் வைத்தியம் அதில் சேராது. விபத்தில் உடைந்து, ஆஸ்பத்திரியிலும் படுத்தால் மட்டும் சேரும். எனக்கு இரண்டுமே நடந்திருந்தது. பல் கட்டுவதற்கு முன்பே அனுமதி வாங்கலாம் என்றார்கள். பல் டாக்டரின் எஸ்டிமேட்டை வைத்து ஃபாரத்தை நிரப்பினேன். உடைந்த பல் எது என்ற கட்டத்தில் கை தானாக எட்டு, ஒன்பது என்று எழுதியது.

அமெரிக்கர்கள் வலது கோடியிலிருந்து ஒரே ஓட்டமாகப் பல்லை எண்ணுகிறவர்கள். அவர்களுக்கு நடுப்பற்கள் எட்டும் ஒன்பதும். நம் டாக்டர்கள் வாயை நாலு பங்காக்கி எண்ணுவார்கள். முதல் பங்கின் முதல் பல், இரண்டாம் பங்கின் முதல் பல் என்று அதே பற்கள் அவர்களுக்குப் பதினொன்றும் இருபத்தொன்றும். எஸ்டிமேட்டில் அப்படித்தான் இருந்தது. எங்கள் தளத்தில் உட்கார்ந்திருந்த யாரும் செய்திருக்கக்கூடிய தப்பு. வெளியில் ஒருவரும் செய்ய முடியாத தப்பு. ‘உடைந்தது வேறு பல், கட்டப்போவது வேறு பல்’ என்று ஃபாரம் திரும்பி வந்தது.

எண்ணைத் திருத்த, கிளெய்ம் பார்க்கும் அலுவலகத்துக்கே போனேன். கவுன்டரில் இருந்தவர் நல்ல மனிதர்தான். திருத்திக்கொண்டார். பிறகு அடுத்த தாளைப் புரட்டினார்.

“நம்பர் சரியாயிடுச்சு மேடம். ஆனா இது பாஸ் ஆகாது. முன்பல்லுன்னா காஸ்மெடிக். அழகுக்குப் பண்றது.”

“கால் ஒடைஞ்சவனுக்குக் கட்டுப் போடுறது நடைய அழகாக்குறதுக்கா சார்?”

“கால் வேற மேடம். பின்னாடி பல்லெல்லாம் இருக்கில்ல, சாப்பிடலாம்ல? கொஞ்சம் பொறுத்துக்குங்க, சொல்ப அட்ஜஸ்ட் மாடி.”

“முன்னாடி பல்ல அப்ப எதுக்குக் குடுத்திருக்கான், உங்ககிட்ட இளிக்கிறதுக்கா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவருக்கு எல்லாப் பல்லும் இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது காற்று அந்த இடைவெளிக்குள் புகுந்து ஊதிக்கொண்டே வந்தது. அழகுக்காம். கொய்யாவின் முதல் கடியைக் கடித்தது எது? தைத்து முடித்த நூலை அறுத்தது எது? பிரசவ அறையில், கத்தமாட்டேன் என்று உதட்டை அழுத்திப் பிடித்தது எது? ‘தண்ணி’ என்று சொல்ல நாக்கு போய்த் தொட்ட சுவர் எது? சீட்டுப் பணத்தை எடுத்தால் பல்லை நானே கட்டிக்கொண்டிருக்க முடியும். மாட்டேன் என்று இருந்தது. பல் உடம்பில் சேர்த்தி என்று அவர்கள் வாயால் சொல்லட்டும்.

தற்காலிகமாக டாக்டர் ஒரு செட் கொடுத்திருந்தார், கழற்றி மாட்டுவது. அதை டப்பாவில் போட்டு மூடினேன். அழகுக்கு என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா, நல்லது, அழகில்லாமலே திரிகிறேன். என் வீட்டுக்காரர் சொன்னார்: “பல்லு போனா சொல்லு போச்சுன்னுவாங்க. ஒனக்குப் பல்லு போயி சொல்லு ஜாஸ்தியாயிருக்கு.”

அந்த வாரம் கிளையன்ட் விசிட். எங்களுக்கு வேலை அனுப்பும் அமெரிக்கப் பல் இன்சூரன்ஸ்காரர்கள் வருகிறார்கள். வாசலில் கோலம், எல்லோருக்கும் பட்டுப்புடவை, ஆரத்தி, குங்குமம். தட்டு எப்போதும் என் கையில்தான். வயதில் மூத்தவள் என்று அவர்களே கொடுத்த பதவி. எச்.ஆர். பெண், சேலத்துக்காரி, என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“அக்கா, இந்தத் தடவ பின் வரிசையில நில்லுங்களேன். ஃபோட்டோ எல்லாம் எடுப்பாங்க.”

“ஏம்மா, எனக்கென்ன கொறச்சல்?”

“இல்லக்கா, அந்த செட்ட மாட்டிக்கிட்டீங்கன்னா பரவால்ல. பாக்க ஒரு மாதிரி இருக்கு.”

“பாக்கறதுக்குன்னா அது காஸ்மெடிக்காச்சே. நம்ம பாலிசியில இல்லியே கண்ணு.”

அவள் வாயைத் திறப்பதற்குள் கார் வந்துவிட்டது. நான் தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். சிரித்தேன். எத்தனை அகலம் முடியுமோ அத்தனை அகலம். முதலில் இறங்கிய அமெரிக்க அம்மாள் பொட்டுக்காகக் குனிந்தவர், என் வாயைப் பார்த்தபடி அப்படியே நின்றார். தொழில் பார்வை.

விபத்தா என்றார். ஆமாம், அலுவலக வண்டியில் என்றேன். உங்கள் இன்சூரன்ஸ் கொடுத்திருக்குமே என்றார். கேட்டேன், அழகுக்கென்று சொல்லிவிட்டார்கள் என்றேன், விசிலடிக்கும் என் ஆங்கிலத்தில்.

அவர் நிமிர்ந்து எச்.ஆர். பெண்ணைப் பார்த்தார். அவள் கற்பூரத்தைப் பார்த்தாள்.

சாப்பாட்டு வேளைக்குள் அவள் கிளெய்ம் அலுவலகத்தில் எவ்வளவு மேலே பேசினாளோ தெரியாது. கம்பெனி அந்தப் பாலிசியைப் புதுப்பிக்கும் மாதம் வேறு, வாடிக்கையை இழக்க அவர்களுக்கு மனம் வராது. கவுன்டர் மனிதருக்குத் தெரியாத ஒரு விதி மாடியில் இருந்த யாருக்கோ சட்டென்று ஞாபகம் வந்திருக்கிறது. இரண்டு பல்லுக்கும் அனுமதி வந்தது.

“வந்துடுச்சுக்கா. எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“மெயில் போட்டேனேம்மா. ‘நோட்டட்’னு பதில் போட்டியே.”

நன்றி சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை தோன்றியதும் இல்லை. என் சம்பளத்தின் பகுதியாகத் தருவதாகச் சொன்னதைத் தந்தார்கள்.

டாக்டர் சாவிக்கொத்துபோல் பல் மாதிரிகளை விரித்தார். வெள்ளை, இளவெள்ளை, தந்தம், வெளிறிய டீ.

“நல்ல வெள்ளையா போட்டுடலாம்மா. ரேட்டு ஒண்ணுதான். மத்த பல்லையும் பின்னாடி வெளுப்பாக்கிக்கலாம்.”

நான் கோலார் தங்கவயல் பக்கத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். அந்தத் தண்ணீர் பல்லில் பழுப்புக் கோடு போடும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அதே கோடு.

“வேணாம் டாக்டர். பக்கத்துப் பல்லு மாதிரியே போடுங்க. அந்தக் கோடும் வேணும்.”

“கோடு கூடவா? அத எடுக்கணும்னுதானேம்மா எல்லாரும் வருவாங்க!”

“இருக்கட்டும். நாளைக்கு எவனும் இத அழகுக்குக் கட்டினதுன்னு சொல்லக்கூடாது.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு கொத்தில் தேடி, இருப்பதிலேயே பழுப்பான ஒன்றைப் பிரித்தெடுத்து, என் மேலுதட்டை விரலால் உயர்த்தினார்.