கரும்பு வயலுக்குத் துப்பாக்கி கேட்டவர்களின் வக்கீல்

"கவிதா, அக்கா போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." புனேயின் கோர்படியிலிருந்து ஸ்டெல்லா அக்காவின் தம்பி அழைத்தபோது, ஔந்துப் பகுதியில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். வண்டியை ஓரங்கட்டி அப்படியே நின்றுவிட்டேன்.

நான் ஜூனியராக இருந்த ஸ்டெல்லா அக்காவைப் புனே நீதிமன்றத்தில் 'பந்தூக்வாலி மேடம்', அதாவது துப்பாக்கிக்கார மேடம், என்பார்கள். உங்களில் பலர் அவர் முகத்துக்கு நேராகவே அப்படி அழைத்திருப்பீர்கள், சிரிப்பார். ரஞ்சன்காவைத் தாண்டி, சிறுத்தை நடமாடும் கரும்பு வயல்களின் விவசாயிகளுக்காகத் துப்பாக்கி உரிம வழக்குகளை நடத்தினார். தேர்தல் வந்தால் உரிமம் உள்ளவரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அது திரும்புவதற்குள் உரிமம் காலாவதியாகும். புதுப்பிக்க மறுபடி அலைச்சல். "கரண்ட்டை ராத்திரியில குடுக்கறான். தண்ணி பாய்ச்சப் போறவன் பந்தூக் கேட்காம என்ன செய்வான்?" என்பார்.

தத்தாராவ் அப்படி உரிமத்தைப் புதுப்பிக்க வந்தவர்தான். சிறுத்தை அவருடைய கன்றை இழுத்துப்போயிருந்தது. நேரில் பார்க்கப் போனோம். அவர் என்னை வயலுக்கு அழைத்துச் சென்று கால்தடங்களைக் காட்டினார். அக்கா வீட்டிலேயே, அடுப்படியில் அவர் மனைவி சுனிதாவுடன் இருந்தார்.

திரும்பும் வழியில் அக்கா சொன்னார்: "'சிறுத்தை எப்பவாவதுதான் வரும் மேடம், இவர் தினமும் குடிச்சிட்டு வர்றார்'னு சுனிதா சொல்றா. துப்பாக்கி கையில இருந்தப்போ அதை அவ கழுத்துல வெச்சிருக்கான், கவிதா."

"சிறுத்தையும் நெசந்தானுங்களே, அக்கா?"

"ரெண்டும் நெசம். இந்தக் கேஸ் எனக்கு வேண்டாம்."

வழக்கிலிருந்து விலகிய மறுவாரம் தத்தாராவ் தன் அண்ணனுடன் அலுவலகத்துக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு, மராத்தியில் அமைதியாகத்தான் கேட்டார்: "ஏன் விட்டீங்க? என் பொண்டாட்டி ஏதாவது சொன்னாளா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவின் முகம் மாறினாலே போதும், சுனிதாவின் கதி என்னாகும்?

"அவ டீ குடுத்தா, அவ்வளவுதான்" என்றார் அக்கா. "பட்டப்பகல்ல உன் வாயில சாராய நாத்தம். உன் கையில பந்தூக் குடுக்க எனக்குத்தான் பயம். கோபப்படறதுன்னா என்மேல படு."

தத்தாராவ் மேசையை ஓங்கித் தட்டினார். கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது. அக்கா நகரவில்லை. கடைசியில் அண்ணன்தான் தோளைப் பிடித்து இழுத்துப்போனார்.

கதவு மூடியதும் அக்கா போனை எடுத்தார். ரஞ்சன்காவில் தொழிற்சாலை வேலையில் இருந்த சுனிதாவின் தம்பிக்கு அழைத்தார். "அவன் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள உங்க அக்கா அங்க இருக்கக் கூடாது. உடனே கிளம்பு." பதில் வரும்வரை நாங்கள் இருவரும் தரையில் கிடந்த கண்ணாடியைக்கூடப் பெருக்கவில்லை. போனில் பஸ் சத்தத்தினூடே சுனிதாவின் குரல் கேட்ட பிறகுதான் அக்கா நாற்காலியில் சாய்ந்தார்.

பின்னர் சுனிதா தானாகவே காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தார். தத்தாராவுக்கு உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. ஊரில் சிலர் கோபித்து வழக்குகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்களுக்காக அக்கா அதே ஊருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். சிலருக்குத் துப்பாக்கியும் திரும்பக் கிடைத்தது.

கல்லறைத் தோட்டத்தில் அந்த ஊர்க்காரர்கள் ஒரு பக்கமும், தம்பி வேலை செய்யும் தொழிற்சாலையிலேயே சேர்ந்திருந்த சுனிதா சீருடையோடு இன்னொரு பக்கமும் நின்றார்கள். 

அக்காவின் வழக்குகள் இப்போது என்னிடம் வந்திருக்கின்றன. உரிமம் கேட்டு யார் வந்தாலும் நான் அவர்கள் வயலைப் பார்க்கிறேன். பிறகு, யாரும் அழைக்காவிட்டாலும், அடுப்படி வரைக்கும் போகிறேன்.